தங்கம் தரும் தொழில் எது? ஒரு கணினி விளையாட்டின் பொருளாதாரம்

நூல்களையும் திரைப்படங்களையும் திறனாய்வதுபோலக் கணினி விளையாட்டையும் திறனாய வேண்டுமா என்று வாசகர்களில் சிலர் வியக்கக்கூடும். ஒரு பாடநூலுடன் செலவிடும் நேரத்தைவிடப் பல மடங்கு நேரத்தை இவ்விளையாட்டுகளில் செலவிடும் மாணவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவ்வளவு நேரம் பழகும் ஒரு பொருள் அவர்களுக்கு எதையோ கற்பிக்கத்தான் செய்யும். அது சரியாகக் கற்பிக்கிறதா என்று ஆராய்வது அறிவியல் இதழுக்குரிய வேலையே ஆகும்.

நாம் எடுத்துக்கொள்வது, 2004 நவம்பரில் பிளிசார்ட் நிறுவனம் வெளியிட்ட ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ என்னும் விளையாட்டு. பல்லாயிரம் பேர் இணையத்தின் வழியாக ஒரே கற்பனை உலகில் நுழைந்து, ஆளுக்கொரு வேடம் தாங்கி ஆடுகிறார்கள். அங்கே புழங்கும் நாணயம் செம்பு, வெள்ளி, தங்கம் என மூவகை. 100 செம்பு ஒரு வெள்ளி. 100 வெள்ளி ஒரு தங்கம். ஒவ்வொரு வேடத்தாரும் இரண்டு முதன்மைத் தொழில்களைக் கற்கலாம். மூலிகை பறித்தல், கனிமம் தோண்டுதல், தோலுரித்தல் ஆகிய மூன்றும் சேகரிக்கும் தொழில்கள். ரசவாதம், கொல்லர் தொழில், தையல் முதலிய எட்டும் ஆக்கும் தொழில்கள். ஆக்கிய பொருளை ஏலக்கூடத்தில் பிற ஆட்டக்காரர்களுக்கு விற்கலாம்.

இந்த விளையாட்டை ஆடுவோரிடையே ஓயாமல் கேட்கப்படும் வினா ஒன்று உண்டு. ‘எந்த இரண்டு தொழில்களை எடுத்தால் தங்கம் அதிகம் சேரும்?’ என்பதே அது. இதற்கு விடை சொல்லும் வழிகாட்டிகளும் ஏராளம். அவ்விடைகளை அறிவியல் முறையில் சோதித்துப் பார்ப்போம்.

மூலிகை இலவசமா?

வழிகாட்டிகள் பெரிதும் பரிந்துரைக்கும் இணை, மூலிகை பறித்தலும் ரசவாதமும். ‘மூலிகையை நாமே பறித்துக்கொள்கிறோம், ஆகவே மருந்து செய்ய மூலப்பொருள் செலவே இல்லை’ என்பது அதற்குக் கூறப்படும் காரணம். ஒரு கற்பனைக் கணக்கால் இதைச் சோதிக்கலாம். ஒரு மருந்துக்கு இரண்டு மூலிகைகள் வேண்டும். ஒரு மூலிகையின் ஏல விலை 10 தங்கம். குப்பி 2 தங்கம். மருந்து 24 தங்கத்துக்கு விலைபோகிறது. விற்ற தொகையில் 5 சதவீதத்தை ஏலக்கூடம் எடுத்துக்கொள்ளும்.

மருந்தை விற்றால் கைக்கு வருவது 22.80 தங்கம். குப்பியின் விலை போக 20.80 மிஞ்சுகிறது. இதைக் கண்டு மகிழ்பவர், மூலிகைகளை அப்படியே விற்றிருந்தால் 19 தங்கம் வந்திருக்கும் என்பதை மறந்துவிடுகிறார். ஆகவே ரசவாதம் ஈட்டித் தந்தது 1.80 தங்கம் மட்டுமே. மருந்தின் விலை 24இலிருந்து 21ஆக இறங்கினால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். கைக்கு வருவது 19.95, குப்பி போக 17.95. மூலிகையாகவே விற்றிருந்தால் கிடைக்கும் 19ஐவிட இது குறைவு. உழைத்து நட்டப்படுகிறோம், ஆனால் லாபம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்!

தன் தோட்டத்துக் காய்க்கு விலை கிடையாது, தன் வீட்டார் உழைப்புக்குக் கூலி கிடையாது என்று கணக்கெழுதும் விவசாயியின் பிழையும் இதுவே.

தங்கம் எங்கிருந்து வருகிறது?

இயற்பியல் படித்தவர்கள் எந்த அமைப்பைக் கண்டாலும் முதலில் கேட்கும் கேள்வி, உள்ளே வருவது எவ்வளவு, வெளியே போவது எவ்வளவு என்பது. இவ்வுலகைத் தண்ணீர்த் தொட்டியாகக் கருதுவோம். அரக்கர்களை வீழ்த்தினாலும், ஏவிய பணியை முடித்தாலும், கணினியே நடத்தும் கடைகளில் பொருளை விற்றாலும் புதிய தங்கம் தோன்றுகிறது. இவை குழாய்கள். ஆயுதம் பழுதுபார்க்கும் கட்டணம், ஏலக்கூடத்தின் 5 சதவீதம் போன்றவற்றில் தங்கம் அடியோடு மறைகிறது. இவை வடிகால்கள்.

இப்போது ஒரு வியப்பான முடிவு கிட்டுகிறது. ஒருவர் செய்த மருந்தை மற்றொருவர் ஏலத்தில் வாங்கும்போது புதிய தங்கம் எதுவும் பிறப்பதில்லை. ஒருவர் பையிலிருந்து மற்றவர் பைக்குச் செல்கிறது. வழியில் 5 சதவீதம் அழிகிறது. 100 தங்கம் இவ்வாறு ஏலக்கூடத்தின் வழியே 10 முறை கைமாறினால் எஞ்சுவது ஏறத்தாழ 60. 14ஆம் கைமாற்றத்தில் அது பாதிக்கும் கீழே இறங்கிவிடும். கதிரியக்கச் சிதைவின் அரைவாழ்வுக் காலம் நினைவுக்கு வருகிறதல்லவா? ஆக, ஏலத்தை நம்பும் தொழில்கள் அனைத்தையும் சேர்த்துப் பார்த்தால் அவை தங்கத்தைக் குறைக்கின்றனவே ஒழியப் பெருக்குவதில்லை. அவை பெருக்குவது பொருள்களை. ‘தங்கம் தரும் தொழில்’ என்ற சொற்றொடரிலேயே ஒரு மயக்கம் ஒளிந்திருக்கிறது.

குழாய் வேகமாகவும் வடிகால் மெதுவாகவும் இருந்தால் தொட்டி நிரம்பும்; பணத்தின் மதிப்பு சரியும். தொடக்க ஆண்டுகளில் முதற்குதிரை ஒன்றைப் பெறச் சுமார் 100 தங்கம் தேவைப்பட்டது. அதைச் சேர்க்கவே ஆட்டக்காரர்கள் திணறினர். 2018இல் அதே விளையாட்டில் ஊர்தி விலங்கு ஒன்றுக்கு 50 லட்சம் தங்கம் விலை வைக்கப்பட்டது. பெருகிவிட்ட தங்கத்தை உறிஞ்ச அமைந்த பெரிய வடிகால் அது. பொருளியல் அறிஞர் எட்வர்ட் காஸ்ட்ரோனோவா, வேறோர் இணைய விளையாட்டின் பொருளாதாரத்தை ஆராய்ந்து 2001இலேயே கட்டுரை வெளியிட்டார். இத்தகைய உலகங்கள் ஆராயத் தக்கவை என்பதில் ஐயமில்லை.

போடி ஏலமும் விளையாட்டு ஏலமும்

எங்கள் சிலமலைப் பகுதி வாசகர்களுக்கு ஏலக்கூடம் புதிதன்று. நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் மின்னணு ஏலம் போடிநாயக்கனூரிலும், மலைக்கு அப்பால் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் நடைபெறுகிறது. வியாபாரிகள் காயின் மாதிரியைக் கையில் எடுத்துப் பார்த்து, முன்னாலிருக்கும் கணினியில் விலையை ஏற்றுகின்றனர். இதனுடன் ஒப்பிட்டால்தான் விளையாட்டின் குறைகள் வெளிப்படும்.

முதலாவது, உச்ச விலையும் சராசரி விலையும். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7000 ரூபாயைத் தொட்டது. 2018 வெள்ளமும் அதன் பின் வந்த வறட்சியும் விளைச்சலைக் குறைத்ததே காரணம். ஆனால் 7000 என்பது ஒரு லாட்டுக்குக் கிடைத்த உச்ச விலை. அன்றைய சராசரி அதற்கு வெகுவாகக் கீழே இருந்தது. விளையாட்டு வழிகாட்டிகள் பறைசாற்றும் வருமானங்களும் பெரும்பாலும் இத்தகைய உச்சங்களே.

இரண்டாவது, காலத் தாமதம். இது மிக முக்கியமானது. விளையாட்டில் பறித்த மூலிகை சில நிமிடங்களில் மீண்டும் முளைத்துவிடும். ஏலச் செடியோ நட்ட மூன்றாம் ஆண்டில்தான் காய்க்கத் தொடங்கும். 2019இன் விலையைக் கண்டு கன்று நட்டவர் 2022இல் காய் எடுத்தபோது விலை 1000 ரூபாய்க்கும் கீழே கிடந்தது. 2022இல் மனமுடைந்து செடியைக் கவனியாமல் விட்டவரோ, 2024 வறட்சிக்குப் பின் விலை 2000ஐத் தாண்டியபோது விற்கக் காயின்றி நின்றிருப்பார். விலையைப் பார்த்து முடிவு செய்யும் நாளுக்கும், பலன் கைக்கு வரும் நாளுக்கும் இடையே நீண்ட இடைவெளி இருந்தால் ஊசல்போல ஏற்ற இறக்கம் தோன்றும் என்பது இயற்பியலும் பொருளியலும் ஒருங்கே ஒப்பும் உண்மை.

மூன்றாவது, உழைப்பாளி. வைகறையில் ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறிப் போடிமெட்டு வழியாக மலைத் தோட்டங்களுக்குக் காய் எடுக்கச் செல்லும் பெண்களுக்கு விளையாட்டில் இடமே இல்லை. அங்கே எல்லாரும் முதலாளி. ஏல விலை இரட்டித்தால் கூலி இரட்டிப்பதில்லை என்ற உண்மையை அந்த ஏலக்கூடம் கற்பிக்காது.

நம் முடிவு

குறைகளைச் சொன்ன நாம் நிறைகளையும் சொல்ல வேண்டும். வரத்து மிகுந்தால் விலை இறங்கும் என்பதை இவ்விளையாட்டு கண்முன் காட்டுகிறது. ஒரு வழிகாட்டி இன்று சிறந்த தொழிலைச் சொன்னால், அதைப் படித்த எல்லாரும் அதில் இறங்க, சில நாளில் அது சிறந்ததாக இராது. 2022இல் மூலிகை போன்ற மூலப்பொருள்களின் சந்தைகள் வட்டாரம் முழுவதற்கும் ஒன்றாக்கப்பட்டதால் போட்டி மேலும் கடுமையாயிற்று. ஆடுபவர் கணக்கெழுதப் பழகினால் இப்பாடங்களைப் பெறலாம். சேர்த்த தங்கத்தை வெளியாருக்குக் காசுக்கு விற்பது நிறுவன விதிகளுக்கு முரண்; கணக்கே முடக்கப்படலாம் என்பதையும் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

ஆனால் தொழிலைத் தேர்வதற்கு இது நல்ல ஆசான் அன்று. விளையாட்டில் தொழில் பிடிக்காவிட்டால் அன்றே விட்டுவிட்டு வேறொன்றைக் கற்கலாம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவர் ‘இப்போது எந்தப் படிப்புக்குச் சம்பளம் அதிகம்?’ என்று கேட்டுச் சேர்கிறார்; பட்டம் கைக்கு வர மூன்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அவர் நட்டது மூலிகை அன்று, ஏலக் கன்று. ‘இன்று விலை என்ன?’ என்பதோடு, ‘என்னைப்போல் எத்தனை பேர் இதையே நடுகிறார்கள்? விலை இறங்கினாலும் நான் விரும்பிச் செய்யக்கூடிய வேலையா இது?’ என்னும் இரு வினாக்களையும் அவர் கேட்டாக வேண்டும்.

வாசகர்களுக்கு ஒரு பயிற்சி. போடி, புற்றடி ஏலங்களின் உச்ச விலையும் சராசரி விலையும் ஏல நாள்தோறும் வெளியிடப்படுகின்றன. ஒரு மாத காலம் இரண்டையும் வரைபடத்தாளில் குறித்து வாருங்கள். இரு கோடுகளுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கண்டபின், உச்சத்தை மட்டும் காட்டி உங்களை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது.