குதிகால் நாண்

குதிகாலுக்குச் சற்று மேலே, பின்புறத்தில், இரண்டு விரலால் பிடித்துப் பாருங்கள். கயிறுபோல் விறைப்பாக ஒன்று அகப்படும். பாதத்தை மேல்நோக்கி மடக்கினால் இன்னும் இறுகும். அதுதான் குதிகால் நாண். உடலிலேயே மிகத் தடித்த, மிக வலுவான தசைநாண். நீளம் சுமார் 15 செ.மீ.

நாண் ஒருவகை இணைப்புத்திசு. எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்பு, ஏன், ரத்தம்கூட இணைப்புத்திசுதான். அந்தக் குடும்பத்தில் இழுப்பைத் தாங்கவென்றே அமைந்தது நாண். கொலாஜன் என்னும் புரத இழைகள் ஒரே திசையில் நெருக்கமாக அடுக்கப்பட்டு, கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு பிணைக்கின்றன. ஓடும்போது உடல் எடையைப்போலப் பல மடங்கு சுமை இதன்மேல் விழுகிறது. கால் ஊன்றும்போது சற்றே நீண்டு ஆற்றலைச் சேமிக்கிறது. உந்தி எழும்போது திருப்பித் தருகிறது.

எத்தனை நேர்த்தியான ஏற்பாடு!

ஆனால் இந்த நாணில் ரத்த ஓட்டம் குறைவு என்பதால், அறுந்தால் ஆற மாதக்கணக்காகும். ஆகவே, புதிதாக ஓடத் தொடங்குபவர்களே, தூரத்தையும் வேகத்தையும் படிப்படியாகவே கூட்டுங்கள்.