சிறார் மிகுபுனைவும் கதைப்பின்னல் கற்பித்தலும்: ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ நாவலை முன்வைத்து

முன்னுரை

தொடக்கநிலைத் தமிழ் வகுப்பில் கதைக்குப் பின் வரும் பயிற்சி பெரும்பாலும் நிகழ்வுகளை வரிசைப்படுத்துவதாகவே அமைகிறது. இது மாணவரின் நினைவாற்றலைச் சோதிக்கிறதேயன்றிக் கதைப்பின்னலை உணர்த்துவதில்லை. கால வரிசையில் நிற்பது கதை, காரண காரியத்தால் பிணைவது கதைப்பின்னல் என இ. எம். ஃபார்ஸ்டர் 1927இல் வேறுபடுத்தினார். இவ்வேறுபாட்டைப் பத்து வயதுக் குழந்தைக்கு உணர்த்த யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ எவ்வாறு துணைபுரியும் என்பதைச் சிவகாசியை அடுத்த நாரணாபுரம் போன்ற ஊரின் ஐந்தாம் வகுப்பை முன்னிறுத்தி இக்கட்டுரை ஆராய்கிறது. இந்நாவல் 2020ஆம் ஆண்டுக்கான பால சாகித்திய புரஸ்கார் விருதைப் பெற்றது.

மிகுபுனைவின் விதியும் காரணத் தொடர்பும்

நடப்பியல் கதையில் காரணங்கள் பழக்கத்துள் மறைந்துகிடக்கின்றன. தாய் வேலைக்குப் போனாள் என்றால் எந்தக் குழந்தையும் ஏன் என்று கேட்பதில்லை. மரப்பாச்சி பேசியது என்றாலோ வினாக்கள் தாமே எழும். அது ஏன் பேசுகிறது? எவரிடம் பேசுகிறது? அதனால் இயலாதது எது? இவை கதைப்பின்னலைப் பற்றிய வினாக்கள்; மாணவர் கலைச்சொல் அறியாமலே அவற்றைக் கேட்டுவிடுகின்றனர்.

கீழடியை மையமாகக் கொண்ட உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’யில் பொம்மை வேறொரு காலத்திற்கு வாயிலாகிறது. பாலபாரதியின் மரப்பாச்சியோ சிறுமி ஷாலினியை அவளது அன்றாட உலகிலேயே நிறுத்தி, தவறான தொடுதலை எதிர்கொள்ளும் துணிவைத் தருகிறது. மிகுபுனைவு இங்குத் தப்பிச்செல்லும் வழியன்று. அதுவே காரணத் தொடரின் ஒரு கண்ணி.

ஒரு பகுதியை நீக்கினாலும் முழுமை மாறாதெனில் அது முழுமையின் உறுப்பன்று என்பது அரிஸ்டாட்டில் கவிதையியலில் வகுத்த அளவுகோல். இதை வகுப்பறையில் எளிய விளையாட்டாக்கலாம். மரப்பாச்சியை நீக்கினால் ரகசியம் ரகசியமாகவே நின்றுவிடும். ஷாலினியின் துணிவை நீக்கினால் மரப்பாச்சியின் பேச்சு பயனற்றுப்போகும். மாயம் தொடங்கிவைப்பதைக் குழந்தையே முடிக்கவேண்டும் என்னும் நாவலின் கட்டமைப்பை இவ்விரு நீக்கல்களும் காட்டிவிடுகின்றன.

நாரணாபுரச் சூழல்

பெற்றோர் இருவரும் பட்டாசு, தீப்பெட்டி வேலைக்குச் செல்லும் வீடுகள் மிகுந்த வட்டாரம் இது. உராய்வும் வெப்பமும் மருந்துக் கலவையும் காரணமாக நேரும் ஆலை விபத்துகூட ஊர்ப்பேச்சில் ‘விதி’ என்று முடிந்துவிடுவதுண்டு. காரணத்தைக் கேளாமல் நிகழ்வை ஏற்கும் இம்மனப்போக்குக்கு வரிசைப்படுத்தும் பயிற்சி மாற்றாகாது. ‘அடுத்து என்ன?’ என்பதோடு ‘ஏன்?’ என்றும் கேட்கப் பழக்கும் பயிற்சியே மாற்றாகும்.

இங்கு இரு எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, நாவலை விழிப்புணர்வுக் கையேடாக மட்டும் வாசித்தல். நீதியை மட்டும் பிரித்தெடுத்தால் ஷாலினி ஒரு பாத்திரமாக இராமல் எடுத்துக்காட்டாகச் சுருங்குவாள், கதைப்பின்னலும் மறையும். இரண்டாவது, இதற்கு நேர்மாறாக நாவலை வெறும் வடிவப் பயிற்சியாகக் கொள்ளுதல். ‘அவள் அதுவரை ஏன் சொல்லவில்லை?’ என்பது கதைப்பின்னல் வினாவே. ஆயினும் அதற்கு விடையளிக்கும் குழந்தை தன் அனுபவத்தைச் சொல்லக்கூடும். அந்நிலையில் ஆசிரியர் தாமே விசாரணை நடத்தலாகாது. குழந்தையின் பெயர் வெளிப்படாமல் காப்பதும், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி உரியோருக்குத் தெரிவிப்பதும் அவர் கடமை. குழந்தைகள் உதவி எண் 1098 வகுப்பறைச் சுவரில் இருப்பது இப்பாடத்திற்கான முன்தயாரிப்பின் ஒரு பகுதியே.

முடிவுரை

மிகுபுனைவு காரண காரியத் தொடர்பைக் குழந்தையின் கண்ணுக்குத் தெரியும்படி வெளியே கொணர்கிறது. அவ்வகையில் இந்நாவல் தொடக்கநிலையில் கதைப்பின்னல் கற்பிக்கத் தகுந்த பனுவலாகிறது. அதன் பயன் ‘ஏன்?’ என்னும் வினாவுக்கு வகுப்பில் இடமளிக்கப்படுவதையும், வரும் விடையைக் கேட்க ஆசிரியர் ஆயத்தமாக இருப்பதையும் பொறுத்தது.