கை எப்போது மேலே எழுகிறது?

கிரீன் டே இசைக்குழுவின் 14ஆவது ஆல்பமான 'சேவியர்ஸ்' 2024 ஜனவரி 19 அன்று வெளியானது. 15 பாட்டு, 46 நிமிடம். ஒரு படத்தில் இடைவேளை விடுவதற்குள் முழுசாகக் கேட்டு முடித்துவிடலாம். ஆனால் நல்ல காது உள்ளவர்கள்கூடப் பங்க் ராக் என்ற பெயரைக் கேட்டதும் எழுந்து போய்விடுகிறார்கள். வெறும் கத்தல், மூன்றே கார்டு, முப்பது வருடமாக ஒரே பாட்டு என்று போகிற போக்கில் மூன்று குற்றச்சாட்டுகள் வேறு. இப்படித் தீர்ப்பு சொல்கிறவர்களில் பெரும்பாலோர் ஒரு பங்க் ஆல்பத்தையாவது முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை உட்கார்ந்து கேட்டவர்கள் அல்லர். அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

அரிச்சுவடியைச் சட்டென்று முடித்துவிடலாம். நியூயார்க்கின் சிபிஜிபி என்ற குடிவிடுதி மேடையில் வளர்ந்த ரமோன்ஸ் 1976இல் முதல் ஆல்பத்தைக் கொண்டுவந்தார்கள்: 14 பாட்டு, 29 நிமிடம். பத்து நிமிட கிட்டார் சோலோக்களில் ஊதிப்போயிருந்த ராக் இசையின் கொழுப்பை அறுத்து எறிந்தது அது. லண்டனில் செக்ஸ் பிஸ்டல்ஸும் கிளாஷும் அதில் அரசியலை ஏற்றினார்கள். பிறகு கலிஃபோர்னியா. பெர்க்லியில் 924 கில்மன் தெரு என்று முகவரியையே பெயராகக் கொண்ட ஓர் இடம் உண்டு. மது கிடையாது, எந்த வயதுப் பிள்ளையும் உள்ளே போகலாம். அங்கே வாசித்து வளர்ந்தவர்கள்தான் கிரீன் டே. பாட்டும் கிட்டாரும் பில்லி ஜோ ஆம்ஸ்ட்ராங், பேஸ் கிட்டார் மைக் டர்ன்ட், டிரம்ஸ் ட்ரே கூல்.

இது தமிழ்க் காதுக்கு ஒட்டாத சங்கதி என்பவர்களுக்கு ஒரே ஒரு பதில். யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்த மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2007இல் வெளியிட்டு உலகையே முணுமுணுக்க வைத்த 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டின் அடித்தளம், கிளாஷ் குழுவின் 1982ஆம் வருடத்துப் பாட்டு ஒன்றிலிருந்து எடுத்தது. பங்க் தமிழ்க் காதுக்குள் நுழைந்து வருடக்கணக்காகிறது.

அடுத்து கார்டு, அதாவது சேர்த்து மீட்டும் ஸ்வரங்கள். பங்க் கிட்டாரில் பெரும்பாலும் ஒலிப்பது பவர் கார்டு. ச, ப இரண்டு ஸ்வரம் மட்டும். நடுவில் காந்தாரம் இல்லை. பாட்டு மகிழ்ச்சியா துக்கமா என்பதைச் சொல்லிவிடக்கூடியது அந்தக் காந்தாரம்தான். அதை எடுத்துவிட்டால் கிட்டார் எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கிறது, முடிவு பாடுகிறவரின் குரலிடம் போய்விடுகிறது. மூன்று கார்டு என்று கேலி செய்கிறவர்கள் இதை ஒரு முறையாவது யோசித்திருக்க வேண்டும்.

இப்போது விஷயத்துக்கு வரலாம். பங்க் ராக்கில் கேட்கவேண்டியது வேகத்தையோ சத்தத்தையோ அல்ல. அடக்கிய தந்திக்கும் திறந்த தந்திக்கும் உள்ள வித்தியாசத்தை.

வீணையில் குதிரை இருப்பதுபோல கிட்டாரிலும் தந்திகள் ஏறி உட்காரும் ஒரு பாலம் உண்டு. மீட்டுகிற கையின் விளிம்பை அந்த இடத்தில் லேசாக வைத்துக்கொண்டு வாசித்தால் தந்தி முழுசாக அதிராது. 'டுக் டுக் டுக்' என்று தொண்டைக்குள்ளேயே பேசுவதுபோல ஒரு ஒலி வரும். கிட்டார் வகுப்புகளில் இதற்குப் பெயர் பாம் மியூட். கையை எடுத்துவிட்டால் அதே தந்தி, அதே கார்டு, அதே ஆம்ப்ளிஃபயர் எல்லாம் சேர்ந்து அறை நிறைய விரிகிறது. விரல் மாறவில்லை, ஸ்வரம் மாறவில்லை. ஒரு உள்ளங்கை ஓர் அங்குலம் நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த ஓர் அங்குலத்தில்தான் கிரீன் டேயின் கலை இருக்கிறது. 1994இல் வந்த 'டூக்கி' ஆல்பத்தின் 'பாஸ்கெட் கேஸ்' பாட்டை எடுத்துக்கொள்ளலாம். பதற்ற நோயால் தவித்த ஒரு இளைஞன், தனக்குப் பைத்தியம் பிடிக்கிறதோ என்று பயப்படுகிற பாட்டு. தொடங்கும்போது குரலும் அடக்கிய கிட்டாரும் மட்டும்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு சாதாரணமாகப் பேச முயல்கிற ஒருவனின் ஒலி அது. கை தந்தியின்மேல் அழுந்தியே இருக்கிறது. பல்லவிக்கு வரும்போது கை எழுகிறது. கேட்கிறவருக்கும் அங்கேதான் மூச்சு வெளியே வருகிறது. அமெரிக்காவில் மட்டும் 1 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற ஆல்பம் அது. வாங்கியவர்களில் எத்தனை பேர் இதைப் பெயர் சொல்லி அறிந்திருப்பார்கள் தெரியாது, ஆனால் உடம்பால் எல்லோரும் உணர்ந்திருப்பார்கள்.

ரமோன்ஸ் குழுவின் கிட்டார் கலைஞர் ஜானி ரமோன் கையைக் கீழ்நோக்கி மட்டுமே வீசி வாசித்தவர். அந்தக் கீழ்வீச்சும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். மேலும் கீழுமாக ஆட்டினால் பாதி உழைப்பில் அதே வேகம் கிடைக்கும், ஆனால் ஒவ்வொரு அடியிலும் ஒரே எடை இருக்காது. எடை வேண்டுமென்றே அவர் கடினமான வழியைத் தேர்ந்தெடுத்தார். அவருடைய குழுவின் முத்திரை போட்ட டீ-ஷர்ட் இன்று துணிக்கடைகளில் தொங்குகிறது. அதை அணிகிறவர்கள் அந்த 29 நிமிடத்தையும் ஒருமுறை கேட்டுவிடலாம்.

'சேவியர்ஸ்' ஆல்பத்தைத் தயாரித்தவர் ராப் கவாலோ. 'டூக்கி'யும் 2004இன் 'அமெரிக்கன் இடியட்'டும் அவர் கைவண்ணம்தான். 2012க்குப் பிறகு இந்த ஆல்பத்துக்காகத்தான் குழுவுக்குத் திரும்பினார். உடனே விமர்சகர்கள் தராசைத் தூக்கிவிட்டார்கள். பழைய இரண்டு ஆல்பங்களில் இது எதைப் போல, எத்தனை மதிப்பெண் என்பதே பேச்சு. 'ஸ்ட்ரேஞ்ச் டேஸ் ஆர் ஹியர் டு ஸ்டே' பாட்டின் தொடக்கம் 'பாஸ்கெட் கேஸ்' போலவே இருக்கிறது என்பது அவர்களுடைய பெரிய கண்டுபிடிப்பு. ஆமாம், அதே அடக்கிய கிட்டார், அதே தனிக்குரல்தான். ஆனால் 21 வயதில் தன் மண்டைக்குள் இருந்த குழப்பத்தை அந்த ஒலியில் பாடியவர், 50 கடந்தபின், பாடகர் டேவிட் போவி இறந்ததிலிருந்து உலகமே தடம் புரண்டுவிட்டது என்பதை அதே ஒலியில் பாடுகிறார். அன்று உள்ளே இருந்த பதற்றம் இன்று தெருவில் இருக்கிறது. ஒலியைத் திரும்ப எடுத்ததற்கு அதுதான் காரணம். ஒற்றுமையைக் கண்டவர்கள் அதோடு நின்றுவிட்டதுதான் மேம்போக்கு.

இன்னொரு மேம்போக்கான சண்டை, கிரீன் டே பங்க்கா இல்லையா என்பது. 1993இல் ரிப்ரைஸ் என்ற பெரிய நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டதும் கில்மன் தெரு அவர்களுக்குக் கதவை மூடியது. பெரிய நிறுவனக் குழுக்களுக்கு மேடை இல்லை என்பது அன்று அந்த இடத்தின் விதி. 2015இல் ஒரு நிதி திரட்டும் நிகழ்ச்சிக்காக அதே மேடையில் மறுபடி ஏறினார்கள். சம்பந்தப்பட்டவர்களே சமாதானமான பிறகும் வெளியே நிற்பவர்கள் சண்டையை விடவில்லை. ஒப்பந்தத் தாளைப் பார்த்துப் பாட்டைத் தீர்மானிக்கிறவர்களுக்குக் காது எதற்கு?

ஆல்பத்தில் எல்லாமே பொன் என்று சொல்ல முடியாது. 'ஒன் ஐட் பாஸ்டர்ட்' முதல் நொடியிலேயே மார்தட்டத் தொடங்கிவிடுகிறது. பாடகி பிங்க்கின் 'ஸோ வாட்' நினைவுக்கு வருகிறது என்று பலரும் சொன்னது சரிதான். அடக்குவதற்கு எதையுமே வைத்துக்கொள்ளாத பாட்டு அது, அதனால் திறப்பதற்கும் எதுவும் மிஞ்சவில்லை.

புதிதாகக் கேட்பவர் முதல் பாட்டில் தொடங்கத் தேவையில்லை. 'டிலெமா'வில் தொடங்கட்டும். செல்போன் ஸ்பீக்கர் வேண்டாம். அதில் மைக் டர்ன்ட்டின் பேஸ் காணாமல் போய்விடும், பேஸ் போனால் பாட்டில் பாதி போனது மாதிரி. குடிப்பழக்கத்தோடு பல வருடம் மல்லுக்கட்டிய ஆம்ஸ்ட்ராங் 2012இல் ஒரு மேடையில் வெடித்து, பிறகு மறுவாழ்வு சிகிச்சைக்குப் போனவர். 'டிலெமா' அந்தப் போராட்டத்தின் பாட்டு. மெல்லிய கிட்டாரோடு தன் சிக்கலுக்குள் நம்மை வரவேற்கிறார். ஒரு கணம் கழித்து எல்லா வாத்தியங்களும் ஒன்றாக இறங்குகின்றன. எவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்தார் என்பது அப்போதுதான் தெரிகிறது.

காதோடு சொல்லவேண்டியது ஒன்று உண்டு. 13ஆவது பாட்டு 'ஃபாதர் டு எ சன்'. அதைக் கேட்பதற்கு முன் 'அமெரிக்கன் இடியட்'டில் வருகிற 'வேக் மீ அப் வென் செப்டம்பர் எண்ட்ஸ்' பாட்டைக் கேட்டுவிட வேண்டும். ஆம்ஸ்ட்ராங்கின் அப்பா 1982 செப்டம்பரில் புற்றுநோயில் இறந்தார். பையனுக்கு அப்போது பத்து வயது. 22 வருடம் கழித்து அந்தப் பையன் அப்பாவுக்குப் பாடியது அது. இன்னும் 20 வருடம் கழித்து, இரண்டு ஆண் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய அப்பாவாக அவர் பாடுவது இது. தப்புகளை ஒப்புக்கொள்கிறார், அன்பு உண்டாக்குகிற பயத்தைச் சொல்கிறார். இரண்டு பாட்டையும் அடுத்தடுத்து, ராத்திரியில், ஹெட்ஃபோனில் கேட்க வேண்டும். பக்கத்தில் யாரும் இல்லாமல் இருப்பது நல்லது.

அதன்பிறகும் கை எப்போது எழுகிறது என்பது பிடிபடவில்லை என்றால் 1997க்குப் போகலாம். 'நிம்ராட்' ஆல்பத்தில் 'குட் ரிடன்ஸ்' என்ற பாட்டு. பங்க் குழுவின் ஆல்பத்தில் அகோஸ்டிக் கிட்டாரும் வயலின்களும். 'சேவியர்ஸ்' ஆல்பத்துக்கான 2024 சுற்றுப்பயணத்தில் கச்சேரி முடிந்ததும் இந்தப் பாட்டோடுதான். ஒலிப்பதிவின் தொடக்கத்தில் ஆம்ஸ்ட்ராங் தவறாக மீட்டி நிறுத்துகிறார். மறுபடி தொடங்குகிறார், மறுபடி தவறு, வாய்க்குள் ஒரு வசவு. மூன்றாவது முறைதான் பாட்டு நகர்கிறது. அப்போதும் தயாரிப்பாளர் கவாலோதான். அந்த இரண்டு தவறுகளையும் வெட்டாமல் ஆல்பத்தில் விட்டிருக்கிறார்கள்.