பிரைவேட் தரும் சுதந்திரம்

சி++ மொழியில் கிளாஸ் எழுதும்போது, நாம் எதுவும் சொல்லாவிட்டால் அதன் உறுப்புகள் எல்லாம் பிரைவேட்தான். வெளியே திறந்துவிட வேண்டுமென்றால் பப்ளிக் என்று நாமே எழுத வேண்டும். இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும்.

தேதிக்கு ஒரு கிளாஸ் என்று வைத்துக்கொள்வோம். நாள், மாதம், ஆண்டு மூன்றும் பிரைவேட். மாற்ற நினைப்பவர் அதற்கான ஃபங்ஷனைத்தான் அழைக்க வேண்டும். பிப்ரவரி 30 என்று கொடுத்தால் அது அங்கேயே மறுத்துவிடும். தவறான தேதி எப்படியோ நுழைந்துவிட்டாலும், தேட வேண்டிய இடம் அந்த ஒரு கிளாஸ்தான். நாளைக்கே மூன்று எண்களையும் எடுத்துவிட்டு, 1970 ஜனவரி 1 முதல் கடந்த நாட்களின் எண்ணிக்கையாகச் சேமிக்கலாம். அந்த கிளாஸைப் பயன்படுத்துபவர்கள் தங்கள் நிரலில் ஒரு வரியைக்கூடத் திருத்த வேண்டாம்.

பின்னால் மாறக்கூடிய முடிவுகளை மாட்யூலுக்குள்ளேயே மறைத்து வைக்கும்படி 1972இல் கணினி அறிவியலாளர் டேவிட் பார்னாஸ் எழுதினார். அதைக் கம்பைலரின் பொறுப்பாக்கிவிட்டது பிரைவேட். பைத்தானிலோ பெயருக்கு முன்னால் ஓர் அடிக்கோடுதான். அது யாரையும் தடுக்காது, தொட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும். எந்த வழியானாலும் கிடைப்பது ஒன்றே: பிறர் வேலையைக் கெடுக்காமல் நம் வேலையை மேம்படுத்திக்கொண்டே போகும் சுதந்திரம்.