ஆல்டர்னேட்டர் புதுசு, சார்ஜ்தான் ஏறவில்லை

பழைய டிராக்டரில் டைனமோவைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டர் மாட்டுவது இன்று சாதாரண வேலை. "புதுசு மாட்டியும் பேட்டரி இறங்குதே அண்ணே" என்று வண்டி பட்டறைக்குத் திரும்பி வருவதும் அதே அளவு சாதாரணம். பழி முதலில் ஆல்டர்னேட்டர் மேல் விழும். அதை மாற்றி வேறொன்றைப் போட்டாலும் கதை மாறாது.

மாஸி பெர்குசன் 35-ஐ எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் கவென்ட்ரியில் தயாரான வண்டி. நம் ஊர் வயல்களில் ஓடும் டாஃபேயின் 1035-க்கு மூத்த உறவு. அதில் வந்த லூகாஸ் சி40 டைனமோ, நல்ல வேகத்தில் ஓடினால் 22 ஆம்பியர் தரும். ஸ்லோவில் நின்றால் ஏறக்குறைய ஒன்றும் தராது. அந்த இடத்தில் உட்காரும் லூகாஸ் 17ஏசிஆர் வகை ஆல்டர்னேட்டர் 36 ஆம்பியர் தருகிறது. ரெகுலேட்டர் அதன் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. ராத்திரி உழவுக்குக் கூடுதல் விளக்கு போடுகிறவருக்கு இந்த மாற்றம் லாபம்தான்.

சிக்கல் வயரிங்கில் இருக்கிறது. டைனமோவுக்கென இருந்த கட்-அவுட் பெட்டியை அப்படியே விட்டு, அதன் வழியாகவே புது ஆல்டர்னேட்டரை இணைப்பவர்கள் உண்டு. அந்தப் பெட்டிக்கு இனி வேலையே இல்லை. முழுவதும் விலக்க வேண்டும். இன்னொன்று இதைவிட ஆபத்தானது. அக்கால இங்கிலாந்து வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் எர்த். ஆல்டர்னேட்டருக்கு நெகட்டிவ் எர்த் வேண்டும். பார்க்காமல் மாட்டினால் டயோடுகள் நொடியில் போய்விடும்.

எல்லாம் சரியாக மாட்டியும் சார்ஜ் இல்லையா? மல்டிமீட்டரை எடுங்கள். இன்ஜின் நிற்கும்போது நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். பாதி ரேஸில் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை ஏற வேண்டும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போயிற்று, பேட்டரி கொதிக்கும். ஏறவே இல்லையென்றால் டேஷ்போர்டில் இருக்கும் சார்ஜ் லைட்டைப் பாருங்கள்.

பலரும் அதை வெறும் எச்சரிக்கை விளக்கு என்றே நினைக்கிறார்கள். அந்த 2.2 வாட் பல்பு வழியாகப் போகும் சிறு மின்சாரம்தான் உள்ளே சுழலும் ரோட்டாரைக் காந்தமாக்கி, மின் உற்பத்தியைத் தொடங்கி வைக்கிறது. பல்பு ஃபியூஸ் ஆனாலோ, அழகுக்காக அங்கே எல்.இ.டி. போட்டாலோ ரோட்டார் எழாமல் போகலாம். சாவியைத் திருப்பியதும் பல்பு எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் பல்பும் வயரும் சந்தேகத்துக்குரியவை; ஆல்டர்னேட்டரைக் குறைசொல்ல இன்னும் நேரம் வரவில்லை.

அடுத்து, விளக்கெல்லாம் போட்டு ஓடவிட்டு, ஆல்டர்னேட்டரின் முனையிலும் பேட்டரியின் முனையிலும் தனித்தனியாக அளவெடுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் நடுவில் எங்கோ மின்சாரம் தேங்குகிறது. தோலுக்குள் கறுத்துப்போன பழைய செம்புக் கம்பியாக இருக்கலாம், பெயின்ட் சுரண்டாமல் முடுக்கிய பிராக்கெட்டாக இருக்கலாம். டேஷ்போர்டில் பழைய ஆம்பியர் மீட்டர் இருந்தால் அதையும் கவனியுங்கள். டைனமோவின் 22 ஆம்பியருக்கென வைத்த மீட்டர் வழியாக 36 ஆம்பியர் போனால் அது சூடாகிக் கருகும்.

வண்டி ஓடும்போதே பேட்டரி வயரைக் கழற்றி, 'நிற்கிறதா பார்ப்போம்' என்று சோதிக்கும் பழக்கம் சில பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. டைனமோ காலத்து வித்தை அது. டீசல் இன்ஜின் எப்படியும் நிற்காது. ஆல்டர்னேட்டரின் டயோடுகள்தான் சாகும்.

ஒரே வயர் போதும் என்று விற்கும் ஆல்டர்னேட்டர்களும் சந்தையில் உண்டு. மாட்டுவது சுலபம். ஆனால் சார்ஜ் லைட் கிடையாது. ரோட்டாரில் தங்கியிருக்கும் கொஞ்சக் காந்தத்தை நம்பித்தான் தொடங்கும். மெதுவாகச் சுற்றும் டிராக்டர் இன்ஜினில் ஒருமுறை நன்றாக ரேஸ் கொடுத்தால்தான் எழுகிறது. ஸ்டார்ட் செய்து, ஸ்லோவிலேயே விட்டுவிட்டுப் பேசிக்கொண்டு நிற்பவரின் பேட்டரி சத்தமில்லாமல் இறங்கும். பெரிய புல்லியோடு வந்திருந்தால் இன்னும் மோசம்.

சில டைனமோக்களின் பின்புறத்திலிருந்துதான் ஆர்.பி.எம். மீட்டருக்குக் கேபிள் போகும். ஆல்டர்னேட்டர் வந்ததும் அந்த மீட்டர் செத்துவிடும். வாங்கும் முன்பே இதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

இரவு வேலையும் கூடுதல் விளக்கும் உள்ளவர்கள் தயங்காமல் மாற்றலாம். சார்ஜ் லைட்டுக்குத் தனி முனை உள்ள ஆல்டர்னேட்டரையே கேட்டு வாங்குங்கள். அதோடு 6 சதுர மில்லிமீட்டர் வயரும் ஒரு புது 2.2 வாட் பல்பும் வாங்கிக்கொள்ளுங்கள்.