விண்கலச் சுமையும் ஊழும்

அமெரிக்க எழுத்தாளர் டாம் காட்வின் 1954-இல் 'அஸ்டௌண்டிங் சயன்ஸ் ஃபிக்ஷன்' இதழில் வெளியிட்ட 'தி கோல்ட் ஈக்வேஷன்ஸ்' என்னும் சிறுகதை ஈண்டு ஆராயப்படுகின்றது. தொலைக்கோள் ஒன்றில் நோயுற்ற அறுவர்க்கு மருந்து ஏற்றிச் செல்கிறது ஒரு சிறு விண்கலம். செலுத்துவோன் ஒருவனே, எரிபொருளோ அளந்து இட்டது. தமையனைக் காணும் வேட்கையால் 18 வயதுப் பெண்ணொருத்தி அதில் ஒளிந்து வருகிறாள். அவள் எடை மிகையாதலின், அவளை வெளியேற்றாவிடின் கலம் தரையில் மோதி அழியும். மருந்தும் சென்று சேராது.

இவ்விடர் வெறுங் கற்பனையன்று. சுமை கூடின் அச்சுமைக்கு மட்டுமன்றி, கூடிய எரிபொருளைச் சுமத்தற்கும் மேலும் எரிபொருள் வேண்டும். இத்தொடர்பைக் கணித வடிவில் 1903-இல் வெளியிட்டார் உருசிய அறிஞர் சியோல்கோவ்சுகி. இதனைக் கதையின் உயிர்நிலையாக்கியமை காட்வினின் வெற்றியே என்க.

ஆயினும் அப்பெண்ணின் சாவை இயற்கை விதியின்மேல் ஏற்றி, இதனை ஊழால் விளைந்த அவலமெனக் கொள்ளல் பொருந்துமோ? நுழைவாரைத் தடுத்தது ஓர் அறிவிப்புப் பலகை மட்டுமே. புறப்பட்டு ஒரு மணி நேரம் சென்ற பின்னரே வெப்பங்காட்டும் முள் அவளைக் காட்டிக்கொடுக்கிறது. கலத்தைப் புறப்படுமுன் நிறுத்தாரில்லை. மிகைச்சுமைக்கெனச் சிறிது எரிபொருள் ஒதுக்கினாருமில்லை. இவை கலஞ்சமைத்தோர் பிழைகள். காட்வின் இவற்றைப் பிழையென்றே கருதவில்லை. பெண் உயிர்தப்பும் வழிகளையே அவர் முதலிற் புனைந்தார் என்றும், இதழாசிரியர் கேம்பெல் அவற்றை ஏலாது திருப்பினார் என்றும் கூறுவர். அஃது உண்மையாயின், அவளுக்கு ஊழாய் வந்து நின்றவர் இதழாசிரியரேயாவர்.