ஒன்றரைக் கிலோ

என் பாட்டி மளிகைக் கடையில் துவரம் பருப்பு வாங்குமுன் தராசுத் தட்டைத் தூக்கி அடியில் பார்ப்பாள். புளி உருண்டை ஒட்டியிருக்கிறதா என்று. கடைக்காரருக்குக் கோபம் வரும். “எடை சரியாத்தான் இருக்கு பாட்டி!” “எடை சரியாத்தான் இருக்கும். எங்கேர்ந்து வந்த எடைன்னு பாக்கணுமோல்லியோ” என்பாள். எட்டாம் கிளாஸ் கூடப் படிக்காதவள். ஃபார்முலா ஒன் கார் பந்தயத்தை நடத்துகிறவர்களுக்கு இந்த விஷயம் புரிய இருபத்துநாலு வருஷம் ஆயிற்று.

இந்த வாரம் சினிமாவோ புத்தகமோ இல்லை. ஒரு விதியை விமரிசிக்கலாம் என்றிருக்கிறேன். அதன் சாரம் ஒரே வரிதான். பெட்ரோல் நீங்கலாக, காரின் எடை எந்த நேரத்திலும் இத்தனை கிலோவுக்குக் குறையக் கூடாது. பார்த்தால் எவ்வளவு சாது! இந்த ஒரு வரியால் ஜெயித்தவர்கள் தோற்றிருக்கிறார்கள், ஒரு டீம் ஒரு வருஷத்து உழைப்பை முழுசாக இழந்திருக்கிறது, நல்ல டிரைவர்கள் பட்டினி கிடந்திருக்கிறார்கள்.

கார் பந்தயம் எனக்கெதற்கு என்று பக்கத்தைப் புரட்டாதீர்கள். 2025 ஜனவரியில் அஜித் குமார் டீம் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாவதாக வந்த பிறகு, டீக்கடையில் டயர் தேய்மானம் பற்றிப் பேசுகிறவர்களை நானே பார்த்தேன்.

2024 ஜூலை 28. பெல்ஜியத்தில் ஸ்பா என்கிற இடம். மெர்ஸிடிஸ் டிரைவர் ஜார்ஜ் ரஸ்ஸல் மற்றவர்களில் பெரும்பாலோர் இரண்டு முறை டயர் மாற்ற, தான் ஒரே முறை மாற்றிக்கொண்டு, தேய்ந்த டயரிலேயே கடைசிவரை ஓட்டி, சக டிரைவர் லூயிஸ் ஹாமில்டனை அரை விநாடி வித்தியாசத்தில் முந்தி ஜெயித்தார். மேடை ஏறினார், ஷாம்பெய்ன் பீய்ச்சினார். அப்புறம் காரை எடை போட்டார்கள். 798 கிலோ, அந்த வருஷத்து எல்லைக்குச் சரியாக. ஆனால் டாங்கில் பெட்ரோல் மிச்சமிருந்தது. 2.8 லிட்டரை வடித்து மறுபடி நிறுத்தார்கள். 796.5. ஒன்றரைக் கிலோ குறைச்சல். தகுதி நீக்கம். கோப்பை ஹாமில்டனுக்கு.

எட்டுமணித் துளி போல ஒரு சின்ன விஷயம் இதில் உண்டு. வழக்கமாகப் பந்தயம் முடிந்து மெதுவாகத் திரும்பும் சுற்றில் டிரைவர்கள் பாதையின் ஓரமாக ஓட்டுவார்கள். அங்கே சிதறிக் கிடக்கும் ரப்பர் துணுக்குகள் சூடான டயரில் அப்பிக்கொள்ளும். கொஞ்சம் எடை ஏறும். ஸ்பாவில் அந்தச் சுற்றே கிடையாது, முதல் திருப்பத்திலேயே திரும்பி உள்ளே வந்துவிட வேண்டும். கோடிக்கணக்கில் செலவழிக்கிற விளையாட்டில் கடைசி நிமிஷ நம்பிக்கை ரோட்டில் பொறுக்குகிற ரப்பர் குப்பை! எனக்கு இதில் என்னமோ ஒரு திருப்தி.

சரி, குறைந்தபட்ச எடை எதற்கு? எடை குறைந்தால் வேகம் கூடும். பாதையைப் பொறுத்து, பத்து கிலோவுக்குச் சுற்று ஒன்றுக்கு சுமார் 0.3 விநாடி என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஐம்பது சுற்றில் பதினைந்து விநாடி, அதாவது வெற்றிக்கும் ஏழாவது இடத்துக்கும் உள்ள தூரம். கட்டுப்பாடு இல்லையென்றால் இன்ஜினீயர்கள் இரும்பைச் செதுக்கிச் செதுக்கிக் கடைசியில் டிரைவரின் காலைக் காக்கிற பாகத்தையும் செதுக்கிவிடுவார்கள். பணமுள்ள டீம் இன்னும் உசத்தியான உலோகத்துக்குப் போகும். அதனால் ஒரு கோடு. நல்ல நோக்கம்தான்.

நம் இன்ஜினீயர் என்ன செய்வார்? கோட்டுக்கு மேலே நிற்கும்படி கார் கட்டுவார் என்று நினைத்தால், நீங்கள் நல்லவர். முடிந்தால் அவர் கோட்டுக்கு இருபது முப்பது கிலோ கீழேயே காரைக் கட்டுவார். அப்புறம் குறைகிற எடையைக் கட்டிகளாக வாங்கி, தனக்குப் பிடித்த இடத்தில் திருகாணி போட்டு முடுக்குவார். இதற்கு பாலஸ்ட் என்று பெயர். கப்பலின் அடியில் ஏற்றுகிற பாரத்துக்கும் அதே பெயர்தான். கஷ்டப்பட்டு இளைத்துவிட்டு ஏன் மறுபடி சதை போட வேண்டும்? சதை எங்கே விழ வேண்டும் என்பதை நாமே தீர்மானிக்கலாமே, அதற்குத்தான்.

கொலு பார்க்கிற வீடுகளில் தஞ்சாவூர் ராஜா ராணி பொம்மை பார்த்திருப்பீர்கள். எப்படித் தள்ளினாலும் ஆடிவிட்டு நிமிர்ந்துகொள்ளும். அடியில் களிமண் கனம். பந்தயக் காருக்கும் கனம் தரையோடு தரையாக இருந்தால் திருப்பத்தில் சாயாது, நாலு டயரும் சமமாகப் பிடிக்கும். அதனால் காரின் அடித்தளத்தில் டங்ஸ்டன் பதிக்கிறார்கள். நம் பழைய குண்டு பல்பின் இழை அந்த உலோகம்தான். ஈயத்தைவிட சுமார் 1.7 மடங்கு அடர்த்தி. ஒரு அரை லிட்டர் பால் பாக்கெட் அளவுக்கு எடுத்தால் ஒன்பதரைக் கிலோவுக்கு மேல் கனக்கும்.

தராசுக்கு இதெல்லாம் தெரியாது. மொத்தத்தைத்தான் சொல்லும். இந்த விதியின் மேல் என் முதல் குற்றச்சாட்டே அது. எழுதினவர் ‘எவ்வளவு’ என்று கேட்டார், ‘எப்போது’, ‘எங்கே’ இரண்டையும் சரியாகக் கேட்கவில்லை.

‘எப்போது’ என்கிற ஓட்டையில் முதலில் தண்ணீர் புகுந்தது. 1982-ல் பந்தயம் முடிந்ததும் எண்ணெய், தண்ணீர் டாங்குகளை நிரப்பிவிட்டு எடை போடலாம் என்கிற வழக்கம் இருந்தது. சில டீம்கள் பிரேக்கைக் குளிரவைக்க என்று சொல்லிப் பெரிய தண்ணீர் டாங்க் வைத்தன. பந்தயம் தொடங்கியதும் தண்ணீரைக் கொட்டிவிட்டு லேசாக ஓட வேண்டியது. முடிந்ததும் நிரப்பிவிட்டுத் தராசில் ஏறினால் 580 கிலோ, கனகச்சிதம்! பிரேஸிலில் நெல்சன் பிக்கே முதலாவது, கெகெ ராஸ்பெர்க் இரண்டாவது. ஃபெராரியும் ரெனோவும் புகார் செய்ய, அடுத்த மாதம் இருவரையும் நீக்கிவிட்டு அலென் ப்ராஸ்ட்டுக்கு வெற்றியைக் கொடுத்தார்கள். கோபத்தில் இங்கிலாந்துக் கோஷ்டி அடுத்த இமோலா பந்தயத்தைப் புறக்கணித்தது. பதினாலே பதினாலு கார்தான் கிளம்பின. வெறும் தண்ணீருக்காக!

இமோலாவில் கோஷ்டியோடு சேராமல் ஓடியவர்களில் ஒருவர் கென் டிரல். மர வியாபாரி, நல்ல மனுஷர் என்று பெயர். 1984-ல் மற்றவர்களில் பெரும்பாலோர் டர்போ இன்ஜினுக்குப் போய்விட, இவர் சக்தி குறைந்த பழைய ரக கோஸ்வொர்த் இன்ஜினோடு இழுத்துக்கொண்டிருந்தார். டெட்ராய்ட்டில் அவருடைய பையன் மார்ட்டின் பிரண்டில் பிக்கேவுக்கு ஒரு விநாடிக்கும் குறைவாகப் பின்தங்கி இரண்டாவதாக வந்தான். அவர் டீம் பையன் என்றுதான் சொல்ல வந்தேன். பிறகு டாங்கைத் திறந்து பார்த்தால் தண்ணீரோடு ஈயக் குண்டுகள். பந்தயம் முடிகிற நேரத்தில் உள்ளே வந்து தண்ணீரும் ஈயமும் நிரப்பிக்கொண்டு போவது ஏற்பாடு. பாலஸ்டைக் கருவி இல்லாமல் கழற்ற முடியாதபடி பொருத்தியிருக்க வேண்டும் என்று விதி. டாங்கில் உருளுகிற குண்டு எந்த விதத்தில் பொருத்தப்பட்டது என்று கேட்டார்கள். தண்ணீரில் பெட்ரோல் வாடை என்றும் ஒரு குற்றச்சாட்டு.

தண்டனை என்ன தெரியுமா? ஒரு பந்தயம் இல்லை, அந்த வருஷத்து மொத்தப் புள்ளிகளும் போயின. கடைசி மூன்று பந்தயங்களுக்கு வரவே கூடாது என்றார்கள். மொனாக்கோ மழையில் ஸ்டெஃபான் பெலாஃப் அதே பலவீனமான காரை மூன்றாவதாகக் கொண்டுவந்தது சரித்திரத்திலிருந்தே அழிக்கப்பட்டது. டர்போகாரர்கள் விரும்பிய ஒரு பெட்ரோல் விதி மாற்றத்துக்கு டிரல் ஓட்டுப் போட மறுத்துக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்துப் படித்தால், தராசில் ஈயம் மட்டும் ஏறவில்லையோ என்று தோன்றும். குற்றம் குற்றம்தான். ஆனால் புளி உருண்டைக்குக் கடையையே இடிப்பார்களா?

இவையெல்லாம் திருட்டு. திருட்டைப் பிடிக்கலாம். எனக்கு நிஜமாகவே கோபம் வருவது, விதிப்படி நியாயமாக நடந்துகொண்டே நடந்த அநியாயத்தைப் பற்றி.

1994 வரை காரை மட்டும் எடை போட்டார்கள். டிரைவர் கணக்கிலேயே இல்லை. குள்ளமாய், ஒல்லியாய் இருப்பவருக்குச் சலுகை. இது சரியில்லை என்று 1995-ல் டிரைவரையும் சேர்த்து 595 என்றார்கள். கைதட்டினார்கள். சமத்துவம் வந்துவிட்டது.

வந்ததா? 78 கிலோ டிரைவர் ஒருவர், 60 கிலோ டிரைவர் ஒருவர். தராசில் இரண்டு கார்களும் சமம். ஆனால் ஒல்லி டிரைவரின் காரில் 18 கிலோ டங்ஸ்டனாக மாறி, ஒரு லிட்டர் கூட இல்லாத கட்டியாகத் தரையோடு படுத்திருக்கிறது. உயரமான டிரைவரின் 18 கிலோ? அவர் தோளிலும் மார்பிலும் தொடையிலும், இன்ஜினீயர் கை வைக்க முடியாத உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. மனிதனைக் கழற்றித் தரையில் திருகாணி போட முடியாதே! ஆகவே டிரைவரின் சதை இன்ஜினீயருக்கு எதிரி ஆயிற்று. கார் லேசாக இருக்கிறவரை ‘கொஞ்சம் இளைச்சா நல்லது’. புதிதாக ஏதாவது கனமான சாமானை மாட்டச் சொன்னால் ‘இளைச்சே ஆகணும்’.

2009-ல் பிரேக் போடுகிற சக்தியைச் சேமித்துத் திருப்பித் தரும் கெர்ஸ் சாதனம் வந்தது. எடை எல்லை 605-லேயே நின்றது. பி.எம்.டபிள்யூ டீமில் சின்ன உருவம் நிக் ஹைட்ஃபெல்டின் காரில் முதல் பந்தயத்திலேயே அதைப் பொருத்தினார்கள். நெட்டையான ராபர்ட் குபீட்சாவின் காரில் பொருத்தவில்லை. 2014-ல் ஹைபிரிட் இன்ஜின். எல்லையை சுமார் 50 கிலோ ஏற்றியும் போதவில்லை. அந்த வருஷம் ழான்-எரிக் வெர்ன், ஆஸ்திரேலியப் பந்தயத்துக்குப் பிறகு தான் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததை அவரே சொன்னார். காரணம் டயட், உடம்பில் தண்ணீர் இல்லாமை. முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுகிறவருக்கு!

கிண்டி குதிரைப் பந்தயம் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. ஜாக்கியைச் சேணத்தோடு தராசில் ஏற்றி, குறைந்தால் ஈயத் தகடு செருகுவார்கள். கூடினால்? அதற்குத் தகடு கிடையாது. அவர்தான் சாப்பிடாமல் வர வேண்டும்.

இன்னொரு வகை பாலஸ்டும் உண்டு. ஜப்பானில் சூப்பர் ஜி.டி. பந்தயத்தில் ஜெயிக்க ஜெயிக்க எடை ஏற்றுவார்கள், ஒரு புள்ளிக்கு இரண்டு கிலோ. பிரிட்டனின் டூரிங் கார் போட்டியிலும் 2021 வரை இது இருந்தது. கெட்டிக்காரப் பையன் முதுகில் செங்கல் வைக்கிற இந்த யோசனை பலருக்குப் பிடிக்காது. எனக்குப் பிடிக்கிறது. சமத்துவம் என்று பொய் சொல்லவில்லை. உன்னை இழுத்துப் பிடிக்கத்தான் இது என்று நேரடியாகச் சொல்கிறது. கனமும் காரின் மேல்தான், மனுஷன் மேல் இல்லை.

ஃபார்முலா ஒன்னில் விடிவு 2019-ல் வந்தது. டிரைவரையும் சீட்டையும் தனியாகப் பிரித்து 80 கிலோ என்று வைத்தார்கள். குறைந்தால் அந்தக் குறையை ஈடுகட்டும் கட்டியைச் சீட்டின் அருகிலேயேதான் வைக்க வேண்டும். தரையின் மூலைக்குக் கடத்தக் கூடாது. அவ்வளவுதான். ‘எங்கே’ என்று ஒரு வார்த்தை. ஒல்லியாக இருப்பதில் லாபமே இல்லை என்று ஆனதும், நெட்டை டிரைவர்கள் அந்தக் குளிர்காலத்தில் நிம்மதியாகச் சாப்பிட்டார்கள். 2025-ல் இதை 82 ஆக்கினார்கள். இப்படி எழுத ஏன் 1995-லேயே யாருக்கும் தோன்றவில்லை? தராசு பார்க்கிற அறையில் பட்டினி கிடந்தவர் யாரும் உட்காரவில்லை என்பது என் ஊகம்.

2026-க்கு காரின் எல்லையை 800-லிருந்து 768 ஆக்கிவிட்டார்கள். மறுபடி செதுக்கல், பெயின்ட்டைச் சுரண்டுவது எல்லாம் இருக்கும். இந்த முறை டிரைவரின் சாப்பாட்டுத் தட்டில் யாரும் கை வைக்கத் தேவையில்லை.

ஒரு விஷயம் விட்டுவிட்டேன். 2023 அக்டோபரில் கத்தார் பந்தயத்தில் வெக்கை தாங்காமல் எஸ்தபான் ஓக்கான் ஹெல்மெட்டுக்குள்ளேயே வாந்தி எடுத்தார், லோகன் சார்ஜென்ட் பாதியில் விலகினார். பிறகு உடம்பைக் குளிரவைக்கும் சட்டை கொண்டுவந்தார்கள். அந்த ஏற்பாட்டுக்கு எடை உண்டே, யார் போட்டுக்கொள்வார்கள்? 2025-ல் விதி எழுதினபோது, வெப்ப அபாயம் என்று அறிவித்தால் காரின் எல்லையையும் ஏற்றினார்கள். சட்டை வேண்டாம் என்கிற டிரைவர் அதற்கு ஈடாக அரைக் கிலோ பாலஸ்டைத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் சேர்த்தார்கள். அந்த அக்டோபரில் சிங்கப்பூரில் முதல் முறையாக அந்த அறிவிப்பு வந்தது.